சிறைக்குள் வக்கீலாக முடிவெடுத்தவர்: துர்காபாய் தேஷ்முக்

சென்ற மலரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி எழுதியிருந்தோம். படித்த உறுப்பினர்கள் பலர், அடுத்த முறை ஒரு வக்கீல் அம்மாவைப் பற்றிப் போடுங்க என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதற்குக் காரணம் இருக்கு. சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு எல்லாம் நமக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் நிற்பது கோர்ட்டு விவகாரம்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்ணும், அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணும், அண்ணன் தம்பி பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணும் முதலில் வந்து சொல்வது குழுக் கூட்டத்தில். பிறகு அவளோடு ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைவது நம்ம ஊக்குநரும் பிரதிநிதியும். கூடப் போகிறவளுக்குச் சட்டம் நாலு விஷயமாவது தெரிந்திருக்க வேண்டும். அதனால் துர்காபாய் அம்மாவின் கதையைச் சொல்லும்போதே, இடையிடையே இன்றைய சட்டத்தையும் சொல்லிக்கொண்டு போகிறோம்.

துர்காபாய் பிறந்தது 1909 ஜூலை 15, ஆந்திராவில் ராஜமுந்திரி. வளர்ந்தது பெரும்பாலும் காக்கிநாடாவில். அன்றைக்கு அந்த ஊர்கள் எல்லாம் சென்னை மாகாணத்துக்குள் இருந்தவை. எட்டு வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். எட்டு வயசுக்குத் தாலி என்றால் என்ன, புகுந்த வீடு என்றால் என்ன என்று தெரியுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வயசு. அப்போது அதைத் தடுக்கச் சட்டமே கிடையாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது 1929-இல்தான். அதுவும் பெண்ணுக்கு 14 வயது என்றுதான் வைத்தது. வளர்ந்து விவரம் தெரிந்ததும் அந்தக் கல்யாண வாழ்க்கைக்குப் போகமாட்டேன் என்று துர்காபாய் மறுத்துவிட்டார். அப்பாவும் உடன்பிறந்தவரும் அவர் பக்கம் நின்றார்கள். அந்தக் காலத்தில் அப்படி நின்ற குடும்பம் அபூர்வம்.

இன்றைக்குப் பெண்ணுக்கு 18 வயது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தையாக இருக்கும்போது கட்டிவைக்கப்பட்ட பெண், தனக்கு அந்தத் திருமணம் வேண்டாம் என்று நீதிமன்றத்தில் கேட்டு அதையே செல்லாததாக்கலாம். 18 முடிந்து இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அதாவது 20 வயது நிறைவதற்குள். விவாகரத்து வேறு, இது வேறு. விவாகரத்து என்றால் கல்யாணம் நடந்தது, முடிந்தது என்று ஆகும். இதில் கல்யாணத்தையே சட்டம் ரத்து செய்கிறது. பெற்றோர் சம்மதத்தோடுதானே நடந்தது, இனி என்ன செய்ய என்று சொல்லி இந்த வழியை யாரும் மூடிவிடக் கூடாது. கல்யாணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098-க்கு ஒரு போன் போதும்.

துர்காபாய் பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டார். ஆங்கிலத்தில் பாடம் என்பதை எதிர்த்து விட்டுவிட்டு, சின்ன வயதிலேயே பெண் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லித்தர ஒரு பாடசாலை ஆரம்பித்தார். சொல்லித்தந்தவருக்கே வயசு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்க.

1921-இல் காந்தி காக்கிநாடா வந்தார். தேவதாசிப் பெண்களும், பர்தா போட்ட முஸ்லிம் பெண்களும் அவரைப் பார்க்க வேண்டும் என்று 12 வயது துர்காபாய்க்கு ஆசை. ஏற்பாடு செய்த பெரியவர்களோ, நிதிக்கு 5000 ரூபாய் கொடுத்தால் சில நிமிஷம் ஒதுக்கலாம் என்றார்கள். அந்தக் காலத்து 5000! அந்தப் பெண்களே அதைத் திரட்டிக் கொடுத்தார்கள். காந்தி வந்தார், ஒதுக்கிய நேரத்தை எல்லாம் தாண்டிப் பேசினார், கேட்ட பெண்கள் கையில் காதில் கிடந்ததைக் கழற்றிப் போட்டார்கள். காந்தியின் இந்திப் பேச்சைத் தெலுங்கில் சொன்னது அந்தச் சின்னப் பெண்தான். குழுவாகப் பணம் சேர்த்தால் பெரிய மனிதர்கள் வைத்த பூட்டும் திறக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெண்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1923-இல், காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு. பக்கத்தில் கதர்க் கண்காட்சி. வாசலில் தொண்டராக நின்ற துர்காபாய், டிக்கெட் இல்லாமல் வந்த ஜவஹர்லால் நேருவை உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிய பிறகுதான் விட்டார். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், நாங்களும் சொல்லிவிட்டோம். ஆனால் அவரை வக்கீலாக்கியது அந்த மாநாடு இல்லை, ஜெயில்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம். சென்னையில் போராடிக் கைதானார். 1930-க்கும் 1933-க்கும் நடுவில் மூன்று தடவை சிறை. வேலூர் சிறையில் இருந்தபோது அரசியல் கைதிகள் அல்லாத மற்றப் பெண் கைதிகளோடு பேசினார். எழுத்து வாசனை இல்லாத ஏழைப் பெண்கள். தன் மேல் என்ன வழக்கு என்றே புரியாமல், கோர்ட்டில் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, வாதாட ஒரு ஆள் இல்லாமல் தண்டனை வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். வெளியே போனால் சட்டம் படிப்பது, இப்படிப்பட்ட பெண்களுக்குக் காசு வாங்காமல் வாதாடுவது என்று துர்காபாய் அங்கேதான் முடிவு செய்தார். இன்னொரு தடவை மதுரைச் சிறையில் தனி அறை. பக்கத்தில் தூக்குத் தண்டனைக் கைதிகள். அங்கிருந்து உடம்பு கெட்டுத்தான் வெளியே வந்தார்.

அந்த வேலூர்ப் பெண்களுக்கு அன்று கிடைக்காத வக்கீல் இன்று நமக்குக் கிடைப்பார். 1987-இல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. மாசம் 8,000 வாங்கினாலும் 80,000 வாங்கினாலும் பெண் என்ற ஒரு காரணமே போதும். குழந்தைகள், ஆதிதிராவிடர் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டிலும் வட்ட அளவில் குழு உண்டு. ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். வக்கீல் பீஸுக்காகச் சங்கக் கடன் எடுத்த உறுப்பினர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கடன் கொடுப்பதற்கு முன்னால் இந்த அலுவலகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போய் வருவது நல்லது.

சட்டம் படிப்பது என்றால் பேச்சா? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். முதலில் மெட்ரிகுலேஷன் வேண்டும். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். அடுத்தது வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகம். பெண்களுக்கு ஹாஸ்டல் இல்லை, இடம் கொடுக்க முடியாது என்றார்கள். ஹாஸ்டல்தானே இல்லை என்று, படிக்க விருப்பமுள்ள வேறு சில பெண்களைத் தேடிச் சேர்த்து அவரே ஒரு விடுதி நடத்தி இடம் வாங்கினார். அரசியல் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னைக்கு வந்து சட்டம் படித்து, 1942-இல் சென்னையில் வக்கீல் தொழிலில் இறங்கினார். அப்போது வயது 33.

தான் பட்ட பாடு மற்றவர்கள் படக் கூடாது என்று 1937-லேயே சென்னையில் ஆந்திர மகிள சபாவை ஆரம்பித்திருந்தார். படிப்பை விட்ட பெண்களுக்கும் விதவைகளுக்கும் அங்கே பனாரஸ் மெட்ரிகுலேஷனுக்குப் பாடம் சொல்லித் தரப்பட்டது. கைத்தொழில் வந்தது, பத்திரிகை வந்தது, பிறகு ஆஸ்பத்திரியும் நர்ஸ் பயிற்சியும் வந்தன. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தச் சபாவின் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

1942-இல் அவர் வக்கீலாக உட்கார்ந்தபோது பெண்ணுக்கு இருந்த சட்டம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லணும். இந்து ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மனைவி விவாகரத்துக் கேட்கச் சட்டம் இல்லை. கணவன் இறந்தால் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவைக்குச் சொத்தில் ஒரு பங்கு உண்டு; ஆனால் ஆயுள் வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். தன் இஷ்டப்படி விற்கவோ யாருக்கும் எழுதிவைக்கவோ முடியாது. குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்ற பேச்சே இல்லை. எட்டு வயதில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண், வக்கீல் ஆன பிறகும், இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் மற்றப் பெண்களுக்கு வாதாட வேண்டியிருந்தது. சட்டத்தையே மாற்றாமல் வழியில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

மாற்றுகிற இடத்துக்கும் போனார். 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானார். அந்தச் சபையில் பெண்கள் மொத்தம் 15 பேர். சென்னை மாகாணத்திலிருந்து இவரோடு அம்மு சுவாமிநாதனும் தாட்சாயணி வேலாயுதனும் போனார்கள். சபைத் தலைவர் இல்லாதபோது நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறவர்களின் பட்டியலில் ஒரே பெண் துர்காபாய்தான். சும்மா உட்கார்ந்திருக்கிற உறுப்பினர் இல்லை அவர். திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவந்தார்.

அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைத் துர்காபாய் ஆதரித்தார். பெண்ணுக்குச் சொத்து, விவாகரத்து உரிமை, ஒருவனுக்கு ஒருத்தி, இவ்வளவும் அதில் இருந்தது. எதிர்ப்பு பலமாக வந்தது. மசோதா நகராமல் போகவே 1951-இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டார். அப்புறம் 1955, 1956-இல் அதே விஷயம் நாலு சட்டமாகப் பிரிந்து நிறைவேறியது. நம்ம சென்னை மாகாணம் அதற்கு முன்பே, 1949-இல், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதித்து ஒரு சட்டம் போட்டுவிட்டது. இது பலருக்குத் தெரியாத பெருமை.

சொத்து விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறோம், ஏனென்றால் கூட்டங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். 1956 சட்டம் விதவையின் ஆயுள் அனுபவத்தை முழு உரிமையாக்கியது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றது. 2005-இல் மத்தியச் சட்டம் கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலம் பாகம் பிரித்தோ விற்றோ முடிந்துபோனதைத் திறக்க முடியாது.

இவ்வளவு உரிமையும் எங்கே போகிறது? விடுதலைப் பத்திரத்தில் போகிறது. சும்மா ஒரு கையெழுத்துக்கா என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். ஒரு புடவை, கொஞ்சம் பணம், மதியச் சாப்பாடு. வீட்டுக்கு வரும்போது பங்கு போயிருக்கும். விட்டுக்கொடுப்பது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. அண்ணன் கஷ்டப்படுகிறான், நம் பங்கு அவனுக்கே இருக்கட்டும் என்று மனசோடு கொடுப்பது வேறு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைப்பது வேறு. வேலூர் சிறையில் தலையாட்டிய பெண்களும் இப்படித் தெரியாமல் மாட்டியவர்கள்தான். பத்திரத்தை ஒரு நாள் முன்னாடியே வாங்கி, நம் கணக்காளரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

1952 தேர்தலில் துர்காபாய் தோற்றுப்போனார். ஆனாலும் திட்டக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1953 ஜனவரி 22-இல் அவருக்குத் திருமணம், அன்றைய நிதி அமைச்சர் சி.டி.தேஷ்முக்கோடு. ரிசர்வ் வங்கிக்கு முதல் இந்திய கவர்னராக இருந்தவர் அவர். மேளதாளம் இல்லாமல் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், முப்பது வருஷத்துக்கு முன் டிக்கெட் இல்லாமல் வாசலில் நின்ற அதே நேரு! எட்டு வயதில் கேட்காமல் கட்டிவைத்த கல்யாணம் ஒன்று; 43 வயதில் தானே முடிவு செய்து, கையெழுத்துப் போட்டுச் செய்துகொண்டது இன்னொன்று.

திருமணப் பதிவு என்றதும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். விட்டால் இன்னும் 60 நாள், தாமதக் கட்டணத்தோடு. பிறகு ஜீவனாம்சம், வாரிசுச் சான்று, பென்ஷன் என்று எதற்குப் போனாலும் முதல் கேள்வி கல்யாணத்துக்கு என்ன ஆதாரம் என்பதுதான். அந்தச் சமயத்தில் பத்திரிகையும் போட்டோவும் தேடி பரணில் ஏறுவதைவிட, உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதும்போதே பதிவு பண்ணியாச்சா என்று கேட்டுவிடலாம்.

அதே 1953-இல் துர்காபாய் சீனாவுக்குப் போனார். அங்கே குடும்ப வழக்குகளுக்கு என்று தனியாக நீதிமன்றம் இருப்பதைப் பார்த்து விவரம் கேட்டு வந்தார். ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்க, கொலைக்காரனும் திருடனும் நிற்கிற அதே வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா நிற்க வேண்டுமா என்பதுதான் விஷயம். திரும்பி வந்து பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.சி.சாக்ளா, பி.பி.கஜேந்திரகட்கர் ஆகியோரிடம் பேசினார். நேருவிடமும் பேசினார். உடனே நடக்கவில்லை. அவர் சொல்லி 31 வருஷம் ஆனது. வேறு பெண்கள் அமைப்புகளும் விடாமல் கேட்டுக் கேட்டு, 1984-இல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வரும். முதலில் பேசித் தீர்க்க முடியுமா என்று நீதிபதி பார்க்க வேண்டும். அதற்கு ஆலோசகர்கள் உண்டு. இருவரில் ஒருவர் கேட்டாலும் மூடிய அறையில் விசாரணை நடத்த வேண்டும். இதைக் கேட்கலாம் என்று தெரியாமலே நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நிற்கிற பெண்கள் அதிகம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, தானே பேசலாம். 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில் இந்த நீதிமன்றம் கட்டாயம்; இல்லாத ஊர்களில் விவாகரத்து மனு சப் கோர்ட்டிலும், ஜீவனாம்சம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நடக்கும்.

பேசித் தீர்ப்பது என்பதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சேர்த்து வைப்பதே வெற்றி என்று நினைக்கிற ஆலோசகர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். நம் குழுக்களிலும் அப்படி நினைப்பவர்கள் இல்லாமல் இல்லை. அடிபட்டு வந்தவளைச் சமாதானம் சொல்லி அதே வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், அவளுக்கு 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வீடு யார் பேரில் இருந்தாலும், அங்கே குடித்தனம் நடத்தியவளை வெளியே தள்ள முடியாது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181-க்குப் போன் செய்யலாம்.

ஜீவனாம்சம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பழைய 125-ஆம் பிரிவு என்று வக்கீல்கள் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு. மனைவி, பிள்ளைகள், வயதான தாய் தந்தை கேட்கலாம். விவாகரத்து ஆகி மறுமணம் செய்யாதவளும் கேட்கலாம். மதம் தடையில்லை, முஸ்லிம் பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. கணவன் ஊருக்கு அலைய வேண்டாம், தான் இருக்கிற ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். மாசம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை சாப்பிட இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்; நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள் கூடியவரை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். எல்லா கோர்ட்டிலும் அப்படி நடக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆனால் கேட்டு மனு போடாதவளுக்கு 600 நாள் ஆனாலும் வராது.

உத்தரவு வந்தும் அவன் கட்டவில்லை என்றால்? பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் பழைய பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போய்விடும். நம்ம கடன் தவணையை எப்படி எழுதிவைக்கிறோமோ, அதே மாதிரி எந்த மாசம் வந்தது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அதுவே கோர்ட்டில் உதவும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பிரிந்துவிட்டோம் என்று வருகிறவர்களும் உண்டு. சில சமூகங்களில் நெடுங்கால வழக்கம் என்று நிரூபித்தால் கோர்ட் ஏற்பது உண்டு. பொதுவாக அந்தப் பேப்பர் விவாகரத்து ஆகாது. அதை நம்பி இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாமல் போகலாம். இதில் அதிகம் அடிபடுவது இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த பெண்தான். இருவருக்கும் பிரிய சம்மதம் என்றால் முறையான வழியே இருக்கிறது: ஒரு வருஷம் தனித்தனியாக இருந்த பிறகு சேர்ந்து மனு போடலாம்.

துர்காபாய் அம்மாவிடம் திரும்புவோம். 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவர் அவர்தான். கிராமங்களில் மாதர் சங்கங்களுக்கு உதவி, தையல், பால்வாடி, பிரசவ உதவி எல்லாம் அந்த வாரியத்தின் மூலம் பரவின. நம் பாட்டிமார் காலத்து மாதர் சங்கக் கட்டிடங்கள் சில இன்னும் ஊரில் நிற்கின்றன, இல்லையா? படிப்பை விட்ட பெரிய பெண்களுக்கு இரண்டே வருஷத்தில் பாடம் முடித்துத் தேர்வு எழுதவைக்கும் சுருக்கப் படிப்பும் அந்த வாரியம் கொண்டுவந்ததுதான். அதைப் படித்து டீச்சராகவும் நர்சாகவும் கிராம சேவிகாவாகவும் போனவர்கள் உண்டு. 1958-இல் பெண்கல்விக்கான தேசியக் குழுவுக்கும் அவரே தலைவர். 1975-இல் கணவன் மனைவி இருவருக்கும் பத்ம விபூஷண் கிடைத்தது.

1981 மே 9-இல் துர்காபாய் காலமானார், 71 வயதில். குடும்ப நீதிமன்றச் சட்டம் வர அப்போது இன்னும் மூன்று வருஷம் இருந்தது. சென்னையில் குடும்ப நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வழக்குக்கு அங்கே போக வேண்டிய உறுப்பினர்கள் ஆதார், கல்யாணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகையும் போட்டோவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகலோடு போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆந்திர மகிள சபா இருக்கிற ரோட்டுக்கு இன்று துர்காபாய் தேஷ்முக் சாலை என்று பெயர்.